புதைக்காத பெயர்கள்

லோரியை விட்டு இறங்கும்போதே யூஜினியாவுக்குக் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயோ எண்ணெயில் கடுகு பொரிந்தது, அதன்மேல் ஈரக் கறிவேப்பிலை விழுந்து சடசடத்தது, அவ்வளவுதான். அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில், அவள் குடியிருக்கிற லயத்தில் கேட்டிருந்தால் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டாள். ஆனால் இது லயம் இல்லை. ஆற்றுக்கு மேல்முகத்தில் காட்டை வழித்து, சுற்றிலும் முள்கம்பி கட்டி, அவசரகாலச் சட்டத்தின் பேரில் காட்டு மக்களைக் கொண்டுவந்து அடைத்துவைத்திருந்த குடியிருப்பு; கம்பம் என்பார்கள். கிழங்கைத் தணலில் சுட்டுத் தின்கிற சனம் அது. அங்கே தாளிக்கிறவர் யார்?

"அண்ணே, இவங்களுக்குக் கடுகெல்லாம் கொண்டாந்து போடுறீங்களா?"

லோரியிலிருந்து அரிசி மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெய்னுலாப்தீன் சிரித்தார். கோலசிலாங்கூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இந்தக் கம்பத்துக்கு ரேஷன் கொண்டுவருவதும் அவர்தான்.

"கடுகா? அரிசி, உப்பு, பாசிர் பெனம்பாங் கருவாடு. அதுக்கு மேல ஒரு மொளகா ஏத்துனாலும் கேட்டுல நிக்கிற போலீஸ்காரன் என்னையும் உள்ள வச்சுக் கம்பியக் கட்டிருவான் லா. மாசமா இருக்கற பொண்ணுக்கு இல்லாத வாசமெல்லாம் வரும், தங்கச்சி. எங்க வீட்டுல கைருன்னிசா தலைப்பிள்ளைக்கு, செவுத்துல ஊறுகா வாசம் வருதுன்னு சுண்ணாம்பச் சுரண்டித் தின்னா."

யூஜினியாவும் சிரித்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. ஏழு மாதம். மூத்தவள் கான்ஸ்டன்ஸ் போனபிறகு இரண்டு தங்கவில்லை. இது தங்கியிருந்தது. உதைத்தது. இதை மட்டும் விட்டுவை ஆண்டவரே என்று தினமும் அவள் மன்றாடிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் கேட்பதில்லை.

"அஞ்சு மணிக்கு ஹாரன் அடிப்பேன், உபதேசியாரே," என்றார் ஜெய்னுலாப்தீன். "செபத்த சுருக்கா முடிச்சிட்டு வந்து ஏறிரணும். அப்புறம் கேட்டு பூட்டிருவாங்க. ஊரடங்கு. வேலிக்கு வெளிய தலை தெரிஞ்சா யாரு என்னன்னு கேக்காம சுடுவான்."

அவள் புருஷன் அந்தோணிதாஸ் தலையாட்டினான். வேதப்புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், காட்டில் கொரில்லாப் படைக்கும் சர்க்காருக்கும் சண்டை மூளாதபோது, பாதிரியார் ஆர்தருடன் அவன் இந்த மக்களிடம் வந்திருந்தான். பத்துப் பதினைந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதிரியார் தண்ணீர் ஊற்றினார். பெயர்களை எடுத்துக்கொடுத்தது அந்தோணிதாஸ். ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போய், திரும்பி வராமலே போன தன் அண்ணன் ராஃபேலின் பெயரை ஒருவனுக்கு வைத்தான். பசியில் செத்த அண்ணி மாடில்டாவின் பெயரை ஒருத்திக்கு. லயத்திலிருந்து சயாம் போன இன்னும் பலரின் பெயர்களை மற்றவர்களுக்கு. அந்தக் காட்டு மக்களின் தலைவருடைய பேத்தி மெலூருக்குத் தன் மகளின் பெயர்: கான்ஸ்டன்ஸ். அப்போது மெலூர் கைக்குழந்தை.

அன்று தலைவர் கிழவர் மலாயில் ஒன்று கேட்டாராம். "இந்தப் பேருக்கெல்லாம் முன்னாடி ஆள் இருந்தாங்களா?" இருந்தார்கள், இப்போது கடவுளிடம் இருக்கிறார்கள் என்றான் இவன். "ஆளப் புதைச்சப்ப பேரையும் புதைச்சீங்களா?" அவர்கள் வழக்கம் அது. ஒருவர் செத்தால் அவருக்குப் பெயர் வைத்தவர், குழிக்குள் குனிந்து அந்தப் பெயரைச் சொல்லி மண்ணைத் தள்ளிவிடுவார். அப்புறம் யாரும் அதை நாவில் எடுப்பதில்லை. அந்தோணிதாஸ் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "எங்க சனத்துல அப்படி இல்ல. போனவங்க பேர வர்றவங்களுக்கு வப்போம். அதுதான் மரியாதை."

வீடு திரும்பி அவன் இதைச் சொன்னபோது யூஜினியா அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். காட்டில் எங்கேயோ தன் மகளின் பெயரை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு வயிற்றோடு லோரியில் ஏறியதும் அதற்காகத்தான். அந்தப் பிள்ளையை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

கம்பத்துக்குள் நாற்பது குடிசைகள் இருக்கும். பாதியில் ஆள் இல்லை. வேலிக்குள் வந்த முதல் வருஷத்திலேயே காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் சனம் கொத்துக்கொத்தாகச் செத்திருந்தது. மிச்சமிருந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தார்கள். சில வாசல்களில் முழங்கை ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டி, வாழை இலையால் மூடியிருந்தது. கிழங்கு நடத்தான் போலிருக்கிறது என்று யூஜினியா நினைத்தாள். தாளித்த வாசம் கூடவே வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், நனைந்த சாக்கின் வாசம், மழையில் ஊறி மண்ணோடு மக்கிப்போன கோணியின் வாசம், எங்கேயோ முகர்ந்தது, எங்கே என்று அவள் நினைத்துப்பார்க்க விரும்பாதது.

தலைவர் கிழவர் எழுந்து வந்தார். கும்பிடவில்லை, சிரிக்கவில்லை.

"வந்துட்டியா," என்றார் மலாயில். "எத்தனை தரம் ஆள்கிட்ட சொல்லி அனுப்பினேன். பேர்களத் திரும்ப எடுத்துக்கோ."

"என்ன ஐயா சொல்றீங்க?"

"வேலிக்குள்ள வந்தப்புறம்தான் அந்தப் பேருக்கு உரியவங்க வந்தாங்க. காட்டுல இருந்தவரைக்கும் எங்களக் கண்டுபிடிக்க முடியல. இப்ப ஒரே இடத்துல இருக்கோம், பாரு." அவர் இலையை நகர்த்தி ஒரு குழியைக் காட்டினார். "நீ கொடுத்தது. நீயே குனிஞ்சு சொல்லி மண்ணைத் தள்ளு. எங்க ஆளுங்க எங்ககிட்ட வந்துருவாங்க."

அந்தோணிதாஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். பொறுமையாகத்தான் பேசினான். ஞானஸ்நானம் அழியாத முத்திரை ஐயா, வைத்ததை எடுக்க பாதிரியாராலும் முடியாது, செபம் பண்ணுவோம், பயம் போய்விடும் என்றான்.

"தாசு."

பக்கத்துக் குடிசையின் இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. தமிழில்.

"தாசு, வாசல்லயே நின்னு வாயடிக்கிறியே, அண்ணனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கணும்னு தோணுச்சாடா?"

அந்தோணிதாஸின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

உள்ளே ஒரு காட்டு மனிதன் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே புண். எலும்பு தெரிகிற புண். அடுப்படியில் ஒரு பெண் வெறும் சட்டியில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சட்டியில் ஒன்றும் இல்லை. அடுப்பில் நெருப்பும் இல்லை. கடுகு வெடித்தது.

"என்னாங்க, வாங்க போயிரலாம்," என்றாள் யூஜினியா. "என்னாங்க."

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மண்டியிட்டுத் தவழ்ந்து உள்ளே போனான், சின்னப்பிள்ளை மாதிரி. "அண்ணே," என்றான். "லோரிக்குப் பின்னாடியே ஓடி வந்தேண்ணே. ரொம்ப தூரம் ஓடி வந்தேன்."

"பாத்தேன்டா. பாத்துக்கிட்டேதான் போனேன்."

யூஜினியா பின்வாங்கினாள். அவளுடைய முந்தானையை யாரோ பிடித்திருந்தார்கள்.

குனிந்து பார்த்தாள். நாலைந்து வயசுப் பெண் குழந்தை. சுருட்டை முடி, அகன்ற மூக்கு, காட்டுப் பிள்ளையின் முகம். முந்தானை நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிய விரலை வாயில் வைத்துக்கொண்டது. கான்ஸ்டன்ஸ் அப்படித்தான் தூங்குவாள்.

குழந்தைக்குப் பின்னால் அதன் தாய் நின்றிருந்தாள். தலைவரின் மகள், இந்தான். இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"மெலூர்," என்று இந்தான் மெல்லக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. "மெலூர்." காது கேட்காத மாதிரி முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைவர் யூஜினியாவின் அருகே வந்தார். "உன் புருஷன் செய்ய மாட்டான். இந்த ஒரு பேரையாவது நீ எடு. முதல்ல வச்சது நீதானே? என் மகளுக்கு அவ பிள்ளையக் குடு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குழி ஒரு தரம்தான். வாயைக் கிட்டக் கொண்டுபோயிட்டுச் சொல்லாம விட்டா, அப்புறம் அந்தப் பேரு போகாது."

தூரத்தில் லோரியின் ஹாரன் அடித்தது.

இதைச் செய்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள், சத்தியமாக. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மண்டியிட்டாள். இந்தான் தன் வாசல் குழியின் இலையை எடுத்தாள். குழியிலிருந்து அந்தச் சாக்கு வாசம் மேலே வந்தது. இப்போது யூஜினியாவுக்கு அது எங்கே முகர்ந்தது என்று தெரிந்தது. ஜப்பான்காரன் காலம். மருந்து இல்லை, பெட்டிக்குப் பலகை இல்லை. கான்ஸ்டன்ஸை அரிசிச் சாக்கில் சுற்றி, ரப்பர் மரத்தடியில் மழையோடு மழையாகப் புதைத்தார்கள். பிறகு மறுநடவு செய்ததில் மரமும் போயிற்று, இடமும் தெரியாமல் போயிற்று.

குனிந்தாள். உதட்டில் ஈர மண் பட்டது. வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்றது குழந்தை, அவள் காதருகில். "மறுபடியும் சாக்குல சுத்தாதம்மா. மூச்சு முட்டுது."

கண்ணுகளா, பெற்றவள் யாராவது சொல்லுங்கள், அதற்கப்புறம் அந்தப் பெயரை மண்ணுக்குள் சொல்ல யாருக்கு வாய் வரும்? அவளுக்கும் வரவில்லை. நிமிர்ந்தாள். குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது கனத்தது, நனைந்த சாக்கு கனக்கிற மாதிரி. எலும்புக்குள் இறங்குகிற குளிர். ஆனாலும் அணைத்துக்கொண்டாள்.

இந்தான் அழவில்லை. ஏந்திய கைகளை இறக்கினாள். காலாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. வேலிக்கு அப்பாலிருந்து ஜெய்னுலாப்தீன் கத்தினார். "தங்கச்சீ! உபதேசியாரே! என்ன விளையாட்டு இது, வாங்க!" ஓடலாம் என்று நினைத்தாள். கழுத்தில் பின்னியிருந்த அந்தச் சின்னக் கைகள் விடவில்லை. போலீஸ்காரன் அவரை விரட்டுவது கேட்டது. லோரி கிளம்பியது. சத்தம் தேய்ந்தது. இரும்புக் கேட் இழுபட்டது. சங்கிலி. பூட்டு.

மேற்கே வானம் சிவந்து, சாம்பலாகி, அணைந்தது.

உயிரோடு மிஞ்சியிருந்த காட்டு மக்கள் ஒவ்வொருவராகக் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியாகத் தலைவர் சாத்தினார். வெளியே குழந்தையும் அவளும் மட்டும். பக்கத்துக் குடிசையில் அந்தோணிதாஸ் விம்முவதும், அவனை ஒரு ஆண்குரல் தேற்றுவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குரலும் நின்றன.

அப்புறம் அந்தச் சத்தம்.

டண். டண். டண்.

வேலிக்கு வெளியே, காட்டு ஓரத்திலிருந்து. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். தண்டவாளத்தில் ஆணி இறக்குகிறவர்கள் அப்படி அடிப்பார்கள் என்று சயாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவன் லயத்தில் சொல்லியிருந்தான். நிற்காமல். மூச்சு விடாமல்.

"போலீஸ்காரரே!" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. காவல் மேடையின் விளக்கு வேலிமேல் ஒருமுறை ஊர்ந்தது. கம்பியின் ஒவ்வொரு இடுக்கிலும் விரல்கள். உள்ளே நுழைந்த விரல்கள். வேலி நெடுக. வற்றிய, கறுத்த, நகமில்லாத விரல்கள். முள் குத்தியும் ரத்தம் வராத விரல்கள். விளக்கு நகர்ந்தது. காவல்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"யாரும்மா அவங்க?" என்று கேட்டுவிட்டு, குழந்தையே பதில் சொன்னது. "சயாம்ல இருந்து நடந்து வந்தவங்க. அப்பா சில பேருக்குத்தான் ஆள் குடுத்தாரு. இவங்களுக்குக் குடுக்கல."

"கான்ஸ்டன்ஸ். கண்ணு. எறங்கும்மா. அம்மாவுக்கு வலிக்குது."

குழந்தை சமர்த்தாக இறங்கியது. இறங்கி, வயிற்றில் காதை வைத்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டது.

"இந்தப் பாப்பாவுக்குப் பேரு வச்சாச்சாம்மா?"

யூஜினியா மூடிய குழியின்மேல் விழுந்தாள். மண்ணை இரண்டு கையாலும் பறித்தாள். வாயை வைத்தாள். சொன்னாள். மகளின் பெயரைச் சொன்னாள். உரக்கச் சொன்னாள். மண் வாய்க்குள் போனது. திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தை பக்கத்தில் குந்தி, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"நான் இங்கதாம்மா இருக்கேன். எதுக்குக் கூப்பிடுற?"

டண். டண். டண்.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. நின்றது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு உதைத்தது. ஒன்று. ஒன்று. ஒன்று. வேலியின் சத்தத்தோடு சேர்ந்து, தாளம் தப்பாமல்.

கம்பிகள் முறுகின. ஆணிகள் கழன்று விழுந்தன. குழந்தை அவளுடைய வயிற்றின்மேல் ஒரு கையை வைத்து, இன்னொரு கையை வேலிப் பக்கம் நீட்டி, தள்ளிக்கொண்டு வருகிறவர்களை அதட்டியது.

"தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க."