மேல் வீட்டுக் குழாய்ச் சத்தம்

"நேத்தைக்கு இதுவரைக்குந்தான் இருந்துச்சு. இன்னிக்கு எங்க வந்து நிக்குது பாரு."

ஃபாரூக் டீ டம்ளரோடு தன் அத்தா ஹாஜாவின் அறையில், குன்னூரின் இத்தனை மழைக்கும் கலங்காத அந்தப் பழைய சுவரை முறைத்தபடி நின்றான். தோசைக்கல் அகலத்துக்கு இருந்த ஈரத் திட்டு, கறுப்புப் பூஞ்சையோடு ஜன்னல் வரைக்கும் பரவியிருந்தது. ஹாஜா கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நேர் மேல அவ பாத்ரூம். கட்ட வேண்டாம்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்... கேட்டாளா?"

அவள் என்றது தம்பி முபீனின் மனைவி மெஹ்ரினை. முபீன் கூடலூர்க் கடையோடு கிடப்பவன். வெள்ளிக்கிழமை மட்டும் வந்து போவான். மாடியில் மெஹ்ரின் தனி.

ஃபாரூக்கின் மனைவி சுரையாவுக்கும் அவள் மேல்தான் சந்தேகம். ஒரு வாரமாக மாடிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர்? சர்க்கரை கேட்கிற சாக்கில் மேலே போய் எட்டிப் பார்த்தாள். குளியலறைத் தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. நான் வருவது தெரிந்து துடைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாடிக் குளியலறைத் தரையை உடைத்துப் பார்க்கப் போவதாக ஃபாரூக் படியடியில் நின்று அறிவித்தான். மெஹ்ரின் கலங்கிய கண்ணோடு எட்டிப் பார்த்தாள்.

"உடைங்க. அன்னிக்கே எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க. அப்பறம் அவரே வந்து கூப்பிட்டாலும் இந்தப் படிய மிதிக்க மாட்டேன்."

ஃபாரூக் கடைக்குப் போனதும் சுரையா வழக்கம்போல ஹாஜாவின் அறைக் கதவைத் தாழிட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஹாஜாவுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. பஜாரில் நாற்பது வருடம் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு ஜவுளி விற்றவர். உடுப்பில் ஒரு சொட்டுப் பட்டாலும் தொழ முடியாதே என்று கூனிக் குறுகிப் போனார். "பசங்களுக்குத் தெரிய வேண்டாம்மா" என்று மருமகளிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றிலிருந்து வேட்டியையும் விரிப்பையும் தினமும் வெந்நீரில் அலசி, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, அந்த அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள் சுரையா. வெளியே போட்டால் மெஹ்ரின் பார்த்துவிடுவாள். ஜூலைச் சாரலில் காயவும் காயாது. இதற்காகத் தங்கை மகள் நிக்காஹ்வுக்குக்கூட அவள் போகவில்லை. தலைவலி என்று பொய் சொன்னாள். பெற்ற தாய் இன்றுவரை அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை வந்த கோத்தகிரிக் கொத்தனார் விஜயன் சுத்தியலை எடுக்கவில்லை. சுவரில் கொஞ்சம் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார்.

"ரெண்டு நாள் இருக்கட்டுங்க. தாளுக்குப் பின்னால ஈரம்னா சுவத்துல இருந்து வருது. முன்னால ஈரம்னா இந்த ரூமுக்குள்ள இருந்து வருது. அப்பறம் உடைக்கலாம்."

மெஹ்ரின் தாளை மாற்றிவிடுவாள் என்று சுரையாவும், இவர்களே தண்ணீர் தெளித்துவிடுவார்கள் என்று மெஹ்ரினும் இரண்டு நாள் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள்.

"மாமா ரூமைப் பகல்ல எதுக்குக்கா தாழ் போடறீங்க?"

"மாமா தூங்கறாரு."

மெஹ்ரின் அதை நம்பவில்லை என்று சுரையாவுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை எல்லோரும் பார்க்க விஜயன் தாளைத் தொட்டார். முன்பக்கமெல்லாம் முத்து முத்தாக நீர். உரித்தார். பின்பக்கம் காய்ந்திருந்தது.

"மேல இருந்து ஒரு சொட்டு எறங்கலைங்க. உள்ளார துணி காயப் போடறீங்களா? அந்த ஆவிதான் சுவத்துல படியுது."

ஃபாரூக் மனைவி பக்கம் திரும்பினான்.

"நான்தானுங்க... என் துணிதான். சோம்பேறித்தனம்."

"இத்தன நாளும் அவளக் கை காட்டிட்டு... நீதானா?"

"என்னைய ஊட்ட உட்டு வெரட்டப் பாத்தீங்களாக்கா?" மெஹ்ரினின் குரல் உடைந்தது.

சுரையா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அவள் சொல்லவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாத ஃபாரூக்." ஹாஜா தஸ்பீஹைத் தலையணை மேல் வைத்தார். "அதெல்லாம் என் துணி. எனக்கு... அடங்க மாட்டேங்குதுப்பா. ஆறு மாசமா இந்தப் புள்ளதான் அலசிப் போடுது."

விஜயன் மெல்ல வெளியே போய்விட்டார். ஃபாரூக் அத்தாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். மெஹ்ரின் யார் முகத்தையும் பார்க்காமல் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுரையா பின்னாலேயே போனாள்.

"உன் மேல சந்தேகப்பட்டது தப்புத்தான் மெஹ்ரின்... என்னைய மன்னிச்சிரு."

கதவு திறக்கவில்லை. ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிறாள் என்றே நினைத்து இறங்கி வந்தாள்.

மறுநாள் காலை விரிப்பை ஊறவைத்த வாளியைக் காணவில்லை. சுரையா பதறிப்போய்க் கொல்லை முழுக்கத் தேடினாள். அப்போது மாடிக் குழாயில் தண்ணீர் ஓடியது. காதைத் தீட்டிக் கேட்டுப் பழகிய அதே சத்தம்... கூடவே துணி அலசும் சத்தமும்.

மெஹ்ரின் கை ஈரத்தோடு படியில் குனிந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, மாமா வேட்டிக்கு நீலம் எவ்வளவு போடுவீங்க?"

 சுரையா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொட்டு நீல பாட்டிலோடு படியேறினாள்.