சி கார்டில் நான்காவது சுரம்

ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பழைய ராக் பாட்டு ஒன்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு விநாடியை வெட்டி, வேகத்தைப் பாதியாக்கி, ஹெட்ஃபோனில் சுழலவிட்டு, சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளில் எதற்குப் பின் எது வருகிறது, மெட்டு அதன்மேல் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறது என்று அவள் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். ஈ மைனர், சி, ஜி, டி. சி கார்டில் மூன்றே சுரம்: சி, ஈ, ஜி. ஐந்தாவது சுற்றில் அதற்குள் ஒரு எஃப் ஷார்ப் கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் எலக்ட்ரீஷியன். நாற்பத்தாறு வயதில் கிட்டார் பிடித்தவள். நாளை மாலை இசைக்குழுவினர் முன் வாசித்துக் காட்ட ஒரே ஒரு வாய்ப்பு. "பாட்டுல உள்ளது உள்ளபடி வரணும்க்கா. கூடக்குறைய ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று டிரம்ஸ்காரன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். அந்த இடம் அவளுக்கு வேண்டும். சோற்றைவிட அதிகமாக வேண்டும்.

சந்தேகச் சுரம் வந்தால் அதை முனகி, கிட்டாரில் தேடிப் பிடிப்பது அவள் வழக்கம். முனகினாள். தேடினாள். முதல் தந்தி, கிட்டார்க் கழுத்தின் இரண்டாம் கட்டம், இரண்டாம் ஃப்ரெட். "சிக்கினியா!" என்று அதை மூன்று முறை மீட்டினாள். அதற்கு இருப்பிடம் காட்டிக்கொடுத்தது அவள்தான்.

ஆறாவது சுற்றில் பாட்டில் அது இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பிற்பகல் வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. அடுத்த அறையில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போடும் சீறலும், சூடான துணியின் வாசனையும், ஃபிரிட்ஜின் முனகலும் வழக்கம்போல இருந்தன. ஈ மைனர் மீட்டினாள். சுத்தம். சி மீட்டினாள்.

நான்கு சுரம்.

"யாரு வந்திருக்கா?" என்று கணவர் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி கேக்குது."

"யாருமில்லங்க."

சொல்லும்போதே கதவைத் திரும்பிப் பார்த்தாள். பயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது. மின்கம்பத்தின் உச்சியில் மழையில் நின்றவளிடம் பூச்சாண்டி காட்டுவதா? யாரிடம் வந்து வாலாட்டுகிறது?

மறுபடி சி. மூன்று விரல்கள் அதனதன் இடத்தில். சுண்டுவிரல் தூக்கி, தனியாக. குனிந்து பார்த்தாள்.

முதல் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் கட்டையோடு கட்டையாக அழுந்தியிருந்தது. மேலே விரல் எதுவும் இல்லை.

"எடு" என்றாள். "இது என் கிட்டாரு."

எடுக்கவில்லை.

"நாளைக்கு மூணு சுரந்தான் வாசிப்பேன். நீ யாரா இருந்தா எனக்கென்ன?"

மீட்டினாள். நான்கு. ஓங்கி மீட்டினாள். நான்கு. அறை குளிர்ந்தது. இஸ்திரிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

கூப்பிட மாட்டாள். ஓட மாட்டாள்.

அந்தத் தந்தியைத் தொட்டு ஓசையை அடக்கிவிடலாம். சுண்டுவிரலை இறக்கினாள். முதல் தந்தி. இரண்டாம் ஃப்ரெட்.

தந்தி தட்டுப்படவில்லை.

நகம்.

ஈரமாக. குளிர்ச்சியாக.

கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். வலக்கை மீட்டிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்த விரல் மெல்ல மடங்கி, அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டு, அடுத்த கார்டை நோக்கி நகரத் தொடங்கியது.