கார் சீட்டும் உபதேசியார் முதுகும்

தென்னூரில் செபஸ்தியான் வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கார் நின்றது. பதினைந்து வருடம் ஒரு டாக்டரைச் சுமந்துவிட்டு, போன மாதம்தான் செபஸ்தியானிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை வாடகைக்கு ஓட்டினார். நல்ல என்ஜின். ஹாரன் அதைவிட நன்றாக இருந்தது. ஒரு தடவை அடித்தால் மூன்றாவது தெருவில் தூங்கும் குழந்தைகூட எழுந்துவிடும்.

சீட்டைப் பார்த்தால்தான் அழுகை வரும். பழுப்பு நிறத் தோல் சீட். டாக்டர் உட்கார்ந்த இடம் பள்ளமாகி, வெளுத்து, வரிவரியாக வெடித்திருந்தது. பின்சீட்டின் ஓரத்தில் தையல் விட்டுப்போய் உள்ளே இருந்த தேங்காய் நார் எட்டிப் பார்த்தது.

வரும் புதன்கிழமை காலை செபஸ்தியானின் ஒரே தங்கை அக்னஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் புதுக் காரை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"வேண்டாங்க. என் தங்கச்சி என் கார்லதான் கோயிலுக்கு வரும். நானே ஓட்டிட்டு வரேன்" என்று செபஸ்தியான் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பின்சீட்டைப் பார்த்தார். பெருமை பாதியாகக் குறைந்தது.

"இதுல எப்படிம்மா பட்டுப்புடவையோட உட்காருவா?" என்று மனைவி சகாயம்மாளிடம் கேட்டார்.

இதை அவர்களுடைய மகள் ரோசரி கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. யாருடைய முகம் வாடினாலும் அவளுக்குப் பொறுக்காது. உடனே ஏதாவது செய்துவிடுவாள். யோசிப்பதெல்லாம் பிறகுதான்.

அவளுடைய மாமா கிளமென்ட் போலீஸ்காரர். அவர் பூட்ஸில் குனிந்தால் முகம் தெரியும். 'பூட்ஸும் தோல், சீட்டும் தோல்' என்று ரோசரி கணக்குப் போட்டாள். நேராக மாமா வீட்டுக்குப் போய் இரண்டு டப்பா பழுப்பு பாலிஷ் வாங்கி வந்தாள். சனிக்கிழமை முழுக்கப் பின்சீட்டைத் தேய்த்தாள். சீட் பளபளவென்று மின்னியது.

"அடேயப்பா!" என்றார் செபஸ்தியான். "டாக்டர்கூட இப்படி ஒரு சீட்ல உட்கார்ந்திருக்க மாட்டாரு!"

பூட்ஸின் மேல் யாரும் உட்காருவதில்லை என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயில் உபதேசியார் சவரிநாதன் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. அந்த வழியாக வந்த செபஸ்தியான் காரை நிறுத்தி, "ஏறுங்க உபதேசியாரே, கோயில்ல இறக்கி விடுறேன்" என்றார்.

உபதேசியார் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். "சீட்டு புதுசா செபஸ்தியான்? சிம்மாசனம் மாதிரி இருக்கே!"

"என் மகளோட வேலைங்க" என்றார் செபஸ்தியான்.

கோயிலில் ஜெபமாலை தொடங்கும் நேரம். உபதேசியார்தான் எல்லாருக்கும் முன்னால், பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டு ஜெபம் சொல்லுவார். அன்றும் அப்படியே போய் முழந்தாளிட்டார். கோயில் முழுவதும் அவருடைய முதுகைப் பார்த்தது.

முதுகில் அகலமாக இரண்டு பழுப்புப் பட்டைகள். வேட்டியில், உட்காரும் இடத்தில், பூரி அளவுக்கு இரண்டு வட்டங்கள்.

முதலில் ஒரு சின்னப் பையன் சிரித்தான். அவனை அதட்டத் திரும்பிய அவன் அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. எல்லாரும் குரல் நடுங்க ஜெபம் சொன்னார்கள். மக்களுக்கு இன்று பக்தி அதிகம் என்று நினைத்து உபதேசியார் இன்னும் உரக்கச் சொன்னார்.

சிரிக்காதவள் ரோசரி ஒருத்திதான். அந்த வெள்ளை ஜிப்பா இருந்த இடத்தில் அத்தையின் வெள்ளைப் பட்டுப்புடவையை நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் உபதேசியாரிடம் ஓடினாள். "மன்னிச்சிருங்க! பாலிஷ் போட்டது நான்தான்."

உபதேசியார் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் முதுகைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. "அதனாலதான் இன்னைக்கு அவ்வளவு பக்தியா?" என்று அவரே சிரித்துவிட்டார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"என்னங்க, கல்யாணப் பொண்ணு கறையோட பீடத்துக்கு முன்னால நிக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்டுக் காரையே வரச் சொல்லிருங்க" என்றாள் சகாயம்மாள்.

"நான் அண்ணன் கார்லதான் போவேன் அண்ணி" என்றாள் அக்னஸ். ஆனால் அவள் குரல் பாதியில் தேய்ந்துவிட்டது. அந்தப் புடவையை அவளே காஞ்சிபுரம் வரை போய் எடுத்து வந்திருந்தாள்.

செபஸ்தியான் தரையைப் பார்த்தபடி, "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன். நான் பின்னால தனியா வரேன்" என்றார்.

அப்பா ரோசரியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ரோசரியின் வகுப்புத் தோழி ஜஹானாரா அதிலிருந்து குதித்தாள். வண்டி ஜஹானாரா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பாவுடையது. அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வண்டியில் பூட்டும் கறுப்பு வாரின் மேல் சாய்ந்து, அதன் காதில் ஏதோ சொன்னாள்.

ரோசரி அப்படியே நின்றாள். வார் தோல்தான். நன்றாக மின்னவும் செய்தது. ஆனால் அதன் மேல் சாய்ந்த ஜஹானாராவின் வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"ஏண்டி, உன் சட்டையில ஏன் கறை ஒட்டல?"

"ஏன் ஒட்டணும்?" என்றாள் ஜஹானாரா. "நாங்க என்ன மையா தடவுறோம்? சோப்பு நுரையில துடைப்போம். நெழல்ல காய வைப்போம். அப்புறம் விளக்கெண்ணெய், துளித் துளியாத்தான். தோல் குடிச்சது போக மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடுவோம். மேல எதையும் அப்பி வச்சா குதிரை மேலயும் ஒட்டும், பூட்டுறவங்க மேலயும் ஒட்டும்."

ரோசரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் எங்க வீட்டுக்கு வரியா?"

சாயங்காலம் ஜஹானாரா மட்டும் வரவில்லை. அவளுடைய அம்மா கமர் ஜஹானும் ஒரு பெரிய ஊசி, மெழுகு தேய்த்த நூலுடன் வந்தார். வாரில் தையல் விட்டால் அவர்தான் தைப்பார்.

"எங்க சவாரியெல்லாம் இந்தக் கார்தான் பறிச்சிட்டுப் போகுது. இப்ப இதுக்கு வைத்தியமும் நாங்களே பார்க்கணுமா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டார். செபஸ்தியான் அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தார். கமர் ஜஹான் சிரித்தார். "கல்யாணப் பொண்ணுக்காகப் பார்க்குறேன், நகருங்கண்ணே" என்று சொல்லி உள்ளே ஏறி, எட்டிப் பார்த்த நாரை உள்ளே தள்ளிக் கால் மணி நேரத்தில் தைத்து முடித்தார்.

மற்றதைச் சிறுமிகள் இருவரும் செய்தார்கள். சோப்பைக் கரைத்து நுரையை மட்டும் துணியில் எடுத்தார்கள். தோல் ஊறிவிடாதபடி துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தார்கள். முதல் வாளித் தண்ணீர் காப்பி நிறமானது. இரண்டாவது வாளி டீ நிறமானது. ஐந்தாவது வாளியில்தான் தண்ணீர் தண்ணீராக இருந்தது. கடைசியில் வெறும் ஈரத்துணியால் நுரையை எடுத்தார்கள்.

பளபளப்பு எல்லாம் போய்விட்டது. வெடிப்புகள் முன்பைவிட நன்றாகத் தெரிந்தன.

"பாலிஷ் இருந்தப்பவாவது பார்க்க நல்லா இருந்துச்சு" என்று செபஸ்தியான் மெதுவாகச் சொன்னார்.

"இருங்க மாமா. இன்னும் எண்ணெயே குடிக்கலையே!" என்றாள் ஜஹானாரா.

காரைப் பூவரச மரத்தடியில் நிறுத்திக் காயவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ரோசரி அடுப்படிக்குப் போனாள். "அம்மா, விளக்கெண்ணெய் குடுங்க."

சகாயம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பேதிக்குக் கொடுக்கும் நாளில் விளக்கெண்ணெய் என்ற பேச்சு எழுந்தாலே ரோசரி எதிர் வீட்டுக் கொல்லையில் போய் ஒளிந்துகொள்வாள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு இல்லம்மா, சீட்டுக்கு!"

"அதுவாவது அடம்பிடிக்காம குடிக்கட்டும்" என்று அம்மா பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் எண்ணெய் போட்டார்கள். துணியில் சில துளிகள் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். முதலில் முன்சீட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று ரோசரி சொன்னாள். இந்தத் தடவை யோசிப்பதை முதலிலேயே செய்துவிட்டாள்.

மாலை நாலரைக்குத் திரும்பி வந்தபோது தோல் எண்ணெயைக் குடித்திருந்தது. வெளுத்த இடங்கள் தெளிந்து, வறட்டி போலிருந்த சீட் கைக்கு மெத்தென்று இருந்தது. வெடிப்புகள் முழுக்க மறையவில்லை. ஆனாலும் பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு பேரும் பழைய வேட்டித் துணியால் துடைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை.

ஐந்தே முக்கால். செபஸ்தியான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்பா, போகாதீங்க! சீட்டைப் பாருங்க!"

செபஸ்தியான் பார்த்தார். தடவினார். கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "கை வேற, பட்டு வேற கண்ணு. நாளைக்கு உட்கார்ந்து எழுந்த பிறகு கறை தெரிஞ்சா என்ன பண்றது?"

ரோசரி அவரைப் பார்த்தாள். பிறகு ஜஹானாராவை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் வெள்ளை கவுன் போட்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் புதுநன்மை அன்று, கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கியபோது போட்ட சாட்டின் கவுன். இதுவரை யாரையும் தொடவிடாமல் பெட்டியில் வைத்திருந்தாள். இப்போது அது முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பின்னால் கொக்கி பூட்டவில்லை. ஜஹானாரா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள்.

"ஐயையோ, புதுநன்மை கவுனு!" என்று சகாயம்மாள் கத்தினாள்.

ரோசரி நிற்கவில்லை. காரில் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, சாய்ந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை வழுக்கினாள். பிறகு குப்புறப் படுத்து உருண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றாள்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"கறை இருக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அக்னஸ் அத்தை குனிந்து, கவுனை விரித்து, வெளிச்சத்தில் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். "பால் மாதிரி இருக்குடி, தங்கம்!" என்று சொல்லி அவளை அப்படியே தூக்கிக்கொண்டாள். "அண்ணே, சட்டையைக் கழட்டுங்க. நீங்க எங்கயும் போய் எதுவும் சொல்ல வேண்டாம்!"

செபஸ்தியான் சட்டையைக் கழற்றவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாய்ந்து பார்த்து, முன்னால் எட்டி ஒரு நீண்ட ஹாரன் அடித்தார். தெருவே எட்டிப் பார்த்தது.

புதன்கிழமை காலை கோயில் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. ஓட்டியவர் புது வேட்டி கட்டிய செபஸ்தியான். ரோசரியும் ஜஹானாராவும் கல்யாணப் பெண்ணின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்தார்கள். அக்னஸ் இறங்கி, வெள்ளைப் பட்டு சரசரக்கப் படியேறினாள். புடவையில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.

கல்யாணம் முடிந்து, கோயில் வாசலில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் மாப்பிள்ளை, பெண், சகாயம்மாள், போலீஸ் மாமா, தோழிகள் இரண்டு பேர், எல்லாரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள். செபஸ்தியான் மட்டும் வரிசையை விட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்து, வாயெல்லாம் பல்லாக, தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.