பீப்பாய் சத்தம்

கதவுக்கு வெளியே கேட்ட காலடி சரியாக இல்லை. லோயிக் எப்போதும் எட்டு வைத்து, பனி நறுநறுக்க நடப்பவன். இதுவோ இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து இழுக்கிற சத்தம். ஓர் இழுப்பு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி ஓர் இழுப்பு.

ஒதீல் கயிற்றை இழுப்பதை நிறுத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டாள். நண்பகல்தான். ஆனால் ஜூலை மாதத்தில் அந்தத் தென்துருவப் பனிக்கரையில் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புயல் குடிசையைப் பிடித்து உலுக்கியது. பென்குயின் கூட்டத்தின் மீன் நாற்றம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

பென்குயின்களை ஆராய அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். யாராவது புயலில் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்து வெளிச்சுவரில் தொங்கும் காலி டீசல் பீப்பாயை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வார். இன்று முறை ஒதீலுடையது. வெளியே மாட்டிக்கொண்டவள் மாயெல்.

போன குளிர்காலம் முழுக்கத் தன் ரொட்டியில் பாதியை ஒதீலுக்குப் பிட்டுக் கொடுத்தவன் லோயிக். இந்த வருடம் மாயெல் வந்தாள்; அந்தப் பாதி அவளுக்குப் போனது. காலையில்கூட, சிவப்புக் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டே அவனைச் சீண்டினாள்.

"ஆம்பள பென்குயினப் பாரு, ரெண்டு மாசம் பட்டினி கெடந்து முட்டையக் கால் மேலயே வச்சுக் காக்குது. நீ எனக்காக ஒரு வேள காபி குடிக்காம இருப்பியாடா?"

"நானும் ரெண்டு மாசம் நிப்பேன்டி."

பக்கத்தில் நின்ற ஒதீலை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குஞ்சைப் பறிகொடுத்த பெட்டைப் பென்குயின்கள் அடுத்தவள் குஞ்சைப் பிடுங்கிக்கொள்ளும். அதுவும் கிடைக்காவிட்டால் பனிக்கட்டியைக் காலில் ஏற்றி அடைகாக்கும். எத்தனையோ தடவை அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். அவற்றின் மனசு இன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

அதனால்தான் புயல் எழுந்து மாயெல் வெளியே மாட்டிக்கொண்டபோது கயிற்றை விட்டாள். ஒரு காபி குடிக்கிற நேரம், அவ்வளவுதான். மாயெல் பயந்து அழுதுகொண்டு வரட்டும் என்று நினைத்தாள்.

ரேடியோவில் மாயெலின் குரல் கரகரத்தது. "ஒதீல், பீப்பாய் சத்தம் கேக்கலடி!"

"நான் அடிச்சுட்டுத்தான் இருக்கேன். காத்துல உனக்குக் கேக்கல."

அதற்குப் பிறகு ரேடியோ பேசவில்லை. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த லோயிக் எழுந்து வந்தான். அவளுடைய சும்மா இருந்த கைகளைப் பார்த்தான். வெளியே ஓடினான். அப்போதிலிருந்து அவள் கயிற்றை விடவே இல்லை. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

கதவு திறந்தது.

லோயிக்தான். முதுகு வளைந்திருந்தது. கால்கள் ஒட்டியிருந்தன. மேலங்கியின் அடிப்பகுதி பூட்ஸின் மேல் மடிந்து, எதையோ மூடியிருந்தது.

"கதவ மூடு. குளிர் பட்டா செத்துடும்."

"மாயெல் எங்க?"

அவன் தலையைத் தாழ்த்தி, அங்கியைக் கொஞ்சமே விலக்கினான். பூட்ஸின் மேல் உருண்டையாக ஒரு பனிக்கட்டி. பனிக்கட்டிதான். அதற்குச் சிவப்புக் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தது. குல்லாயின் விளிம்பில் உறைந்த மயிர்.

ஒதீலுக்கு முதலில் பயம் வரவில்லை. இப்பவும் அவளைத்தானா? இப்படி ஆன பிறகும் அவளைத்தான் காக்கிறானா?

ஒதீல் கயிற்றை விட்டுவிட்டு அவனை நெருங்கினாள். தன் கால்களைச் சேர்த்தாள். கால்விரல் நுனிகளை அவன் பூட்ஸோடு ஒட்டவைத்தாள்.

"என்கிட்ட குடு, லோயிக். நீ போய்ச் சாப்பிடு."

அவன் தரவில்லை. அவள் இழுத்தாள். இழுபறியில் அது உருண்டு அவள் பாதங்களில் ஏறியது. கனம். குளிர் இல்லை. குந்தி உட்கார்ந்து, கம்பளிச் சட்டையை அதன் மேல் இறக்கி மூடிக்கொண்டாள்.

வெளியே பீப்பாயை யாரும் அடிக்கவில்லை.

அவள் அடிவயிற்றில் மூச்சுக்காற்று பட்டது. இளஞ்சூடாக. சட்டைக்குள்ளிருந்து மாயெலின் குரல் வந்தது.

"ஒதீல், பீப்பாய் சத்தம் கேக்கலடி."