தொண்ணூறு விநாடி

வார்டுக்குள் நுழைந்தபோது பகல் பதினொன்றரை. ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் வாசனை, ஈரத் துடைப்பத்தின் வாசனை, வரிசையாக எட்டுப் படுக்கைகள். பயப்படுவதற்கான நேரமும் இல்லை, இடமும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அன்று எனக்கு அங்கே இரண்டு வேலை. நாலாம் படுக்கையில் என் மனைவி, இதய ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நர்ஸ் மேஜையில் பழைய கம்ப்யூட்டர். எட்டுப் பேரின் நாடித் துடிப்பும் அதன் திரையில்தான் ஓடும், யாருக்காவது ஒன்று ஆனால் அதுதான் அலறும். அதன் டிஸ்க் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் மாட்டி, அதன் இடத்தைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, மெஷின் எழும்போதெல்லாம் அது தானாக வந்து இணையும்படி செய்ய வேண்டும்.

“ஏங்க, பொண்டாட்டியப் பாக்க வந்தீங்களா, கம்ப்யூட்டரப் பாக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும் உள்ளுக்குள்ளதானே ரிப்பேரு.”

தையலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இங்க தங்கமாப் பாத்துக்கிறாங்க. அந்த உசரமான நர்ஸ்தான் மணிக்கொரு தரம் வந்து கையப் பிடிச்சு எண்ணிட்டுப் போறாங்க.”

“அதான் மெஷின் எண்ணுதே. கை எதுக்கு?”

“யாருக்குத் தெரியும்? விரல்தான் சில்லுனு இருக்கு. வாட்ச்சை நெஞ்சுல தலைகீழாக் குத்தியிருக்காங்க.”

வாட்ச்சை அப்படிக் குத்திக்கொள்கிறவள் அந்த வார்டில் ஒருத்திதான். நெட்டை என்று நான்தான் பட்டப்பெயர் வைத்திருந்தேன்.

அவள் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இதே மெஷினுக்கு இரண்டாவது டிஸ்க் மாட்டியது நான். அது தானாக இணைய ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். வரியின் கடைசியில் ஒரு சின்னச் சொல் சேர்க்க வேண்டும். டிஸ்க் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மேலே போ என்று அதற்கு அர்த்தம். அது இல்லையென்றால், காணாத டிஸ்குக்காக மெஷின் தொண்ணூறு விநாடி காத்து நிற்கும், பிறகும் கறுப்புத் திரையோடு முரண்டு பிடிக்கும். எனக்கு அன்று பசி. அந்தச் சொல்லை எழுதாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கரண்ட் போய் வந்தது. டிஸ்கின் வயர் தளர்ந்திருந்தது. மெஷின் காத்து நின்றது. நாலாம் படுக்கைக் கிழவரின் இதயம் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு முன்பே கோப்பைத் திறந்து அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டேன். மெஷினை அணைத்தது டியூட்டி நர்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று டியூட்டியில் இருந்த நெட்டை கத்தவில்லை. “அண்ணா, நான் அணைக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமே” என்று மட்டும் சொன்னாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேலை போனது. மூன்றாம் நாள், வார்டுக் கோடியில் துணி வைக்கும் அறையிலிருந்து அவள் உடலை எடுத்தார்கள்.

யாரோ புது நர்ஸாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். போன வருஷம் மாட்டிய பழைய டிஸ்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். புதியதில் பார்ட்டிஷன் பிரித்தேன். பழைய வரியை அழித்துப் புது வரி எழுதினேன். இந்த முறை அந்தச் சொல்லை மறக்கவில்லை, மூன்று தரம் படித்துப் பார்த்தேன். இனி மெஷினை ஒரு தரம் அணைத்து எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“எவ்வளவு நேரம் சார் ஆகும்?” என்றார் ஹெட் நர்ஸ். “படுக்கைக்கு ஒருத்தரா நிறுத்த என்கிட்ட ஆள் இல்ல.”

“முப்பது செகண்ட் மேடம்.”

திரை கறுத்தது. ஒரே ஒரு வரி வந்தது. டிஸ்குக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது.

அதில் இருந்தது பழைய டிஸ்கின் பெயர்.

அது என் சட்டைப் பையில் இருந்தது.

திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கின. கூடவே நாலாம் படுக்கைப் பக்கமிருந்து ஒரு குரல், நாடி பிடிக்கும்போது வாய்க்குள் எண்ணுகிற குரல்.

“ஏழு. எட்டு. ஒம்பது.”

ஓடினேன்.

என் மனைவியின் வலது கை போர்வைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு இடத்தில் தோல் பள்ளமாக அமுங்கியிருந்தது. அருகில் யாருமில்லை.

“பேசாதீங்க. எண்ணிட்டிருக்காங்க” என்றாள் என் மனைவி.

“நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு.”

“ஏங்க, உங்கள ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. போன வருஷம் மெஷின யாரு அணைச்சாங்கன்னு.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லிடுங்களேன், பாவம்.”

பின்னால் ஹெட் நர்ஸ் வந்து நின்றிருந்தார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அறுபத்தெட்டு.”

யாரும் அணைக்கவில்லை, தப்பு என்னுடையது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். என்ன கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. வாயைத் திறந்தேன்.

ஒரு வருஷமாகப் பழகிய நாக்கு பழகியதையே சொன்னது.

“அந்த நர்ஸ்தான்.”

எண்ணுவது நின்றது.

அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக நீட்டி வைக்கப்பட்டன, சுண்டுவிரலில் தொடங்கி. யாருடைய கையை அப்படி வைப்பார்கள் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

மேஜையில் மெஷின் எழுந்தது. ஏழு கோடுகள் ஏறி இறங்கி ஓடின. நாலாவது கோடு நேராக இருந்தது. அலாரம் அலறியது.

அவள் போன பதினோராம் நாள் உண்மை முழுவதையும் நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போய் ஹெட் நர்ஸிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “துக்கத்துல இருக்கீங்க சார். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. டியூட்டி நர்ஸ் ஏதோ பட்டனை அமுக்கிட்டாங்கன்னு ரிப்போர்ட் போயாச்சு.” வெளியே பெஞ்சில், அன்று டியூட்டியில் இருந்த அந்த நர்ஸ் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டி நடந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் லேப்டாப்பில் இருப்பது ஒரே டிஸ்க். இருந்தும், அன்றிலிருந்து தினமும் காலையில் அதைத் திறந்தால் தொண்ணூறு விநாடி காத்து நிற்கிறது. என் வலது மணிக்கட்டில் இரண்டு சில்லிட்ட விரல்கள் பதிகின்றன. எண்ணி முடித்ததும் என் விரல்களில் ஒன்று நீட்டி வைக்கப்படுகிறது. நீட்டிய விரல் அதற்குப் பிறகு மடங்குவதில்லை. டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை.

இதை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் பாக்கி.