கம்பளிக்குள் பொங்கிய மாவு

இட்லி மாவுக்குக் குளிரும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பெங்களூரில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டால் சிரிக்க மாட்டீர்கள். இங்கே ஜனவரியில் அரைத்து வைத்த மாவு, மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் கிடக்கும்.

ஜோகுபாளையத்தில் லூர்துமேரி வீட்டில் மாவுக்கென்றே ஒரு கம்பளி உண்டு. அண்டாவில் மாவைக் கரைத்து, மூடி, கம்பளியைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அப்புறம் யாரும் அதைத் தொடக் கூடாது.

அன்று சனிக்கிழமை. பிப்ரவரி மாதம். விடியுமுன்னே மாவை அரைத்து வைத்துவிட்டு, லூர்துமேரி துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் பூசை முடிந்ததும் சர்ச்சில் எல்லோருக்கும் அவருடைய இட்லிதான். போன மாதம் வந்த முதல் ஆர்டரில் மாவு பொங்கவே இல்லை. இட்லி தட்டையாக, கல்லாக வந்தது. டிபனைக் கவனிக்கும் குணசேகர் அங்கிள் நல்லவர் என்பதால் இன்னொரு தடவை தருகிறேன் என்றார். இதுவும் கெட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அதனால் இந்தத் தடவை கம்பளிக்கு மேல் ஒரு போர்வையும் ஏறியிருந்தது.

அரை நாள் பள்ளி முடிந்து வந்த மகள் பிரிசில்லா, சமையலறை வாசலில் நின்று அந்த மூட்டையையே பார்த்தாள்.

இந்த வாரம் பள்ளியில் வானிலை வாசிப்பது அவள் முறை. இனி குளிர் குறையும், இன்றிலிருந்து பகலும் இரவும் வழக்கத்தைவிட வெப்பமாக இருக்கும் என்று, செய்தித்தாளில் வந்ததைக் காலையில் அவள்தான் மைக்கில் வாசித்தாள். வாசிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வியர்த்துப்போய் ஸ்வெட்டரைக் கழற்றியபோதுதான் மாவு ஞாபகம் வந்தது.

அவள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். மாவால் கழற்ற முடியுமா?

அம்மாவைக் கேட்கலாம் என்றால், வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வானிலையை நம்பலாம் என்றால், புதன்கிழமை வானம் தெளிவாக இருக்கும் என்று வாசித்த அன்றுதான் தூறல் போட்டது. கூடப் படிக்கும் டேரில் என்ற பையன் அன்று முழுக்கக் கேலியாகக் குடையை விரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தான். இப்போது கம்பளியை எடுத்துவிட்டு ராத்திரி குளிர்ந்துவிட்டால்? போன மாதம் மிஞ்சி வந்த இட்லிகளைப் பார்த்து அம்மா அழுததை அவளால் மறக்க முடியவில்லை. ரொம்பப் பயமாக இருந்தது.

நகத்தைக் கடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். வீட்டுக்கென்று எடுத்து வைத்த மாவு அலமாரியில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதே மாவுதான். அதற்குக் கம்பளி கிடையாது. காலையில் அவளேதான் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். இப்போது மூடியை எடுத்துப் பார்த்தால் முக்கால் கிண்ணம்.

போர்வையே இல்லாத மாவு இவ்வளவு பொங்கினால், ரெண்டு போர்த்திய மாவு என்ன ஆகியிருக்கும்? அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. போர்வையையும் கம்பளியையும் உருவினாள். அண்டா கதகதவென்று இருந்தது. மாவு மூடியை முட்டிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். லேசான புளிப்பு. இன்னும் கெடவில்லை.

மேலும் புளிக்காமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்; அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவிடம் ஓடினாள். அவர் பேசுவது பாதி கன்னடம், பாதி தமிழ்.

"ஃப்ரிட்ஜுல ரெண்டு சௌதேகாய்தானம்மா இருக்குது," என்று அந்த வெள்ளரிக்காய்களை வெளியே எடுத்து வைத்தார். "கொண்டா, இடம் பண்ணலாம்."

பாத்திரம் பாத்திரமாக இருவரும் மாவை மாற்றினார்கள். அதன் பிறகு பிரிசில்லாவுக்கு இன்னும் பயம் அதிகமானது. தொடாதே என்றதைத் தொட்டாயிற்று. போதாததற்கு வீடு விட்டு வீடு அனுப்பியாயிற்று.

மாலையில் வந்த லூர்துமேரி காலி அண்டாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாவு எங்கடி?"

வானிலை, கிண்ணம், புளிப்பு எல்லாவற்றையும் பிரிசில்லா ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா நேரே சந்திரம்மா வீட்டுக்குப் போய், மாவை விரலில் தொட்டு ருசி பார்த்தார்.

"நான் வர்ற வரைக்கும் விட்டிருந்தா இது வாயிலயே வைக்க முடியாம போயிருக்கும்," என்றார்.

ஆனாலும் இட்லி வேகும் வரை நிச்சயமில்லையே. ஞாயிறு காலை முதல் தட்டு வேகும்போது இருவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூடியைத் திறந்ததும் ஆவி விலகியது. இட்லிகள் உப்பலாக, மெத்தென்று உட்கார்ந்திருந்தன.

சர்ச்சில் குணசேகர் அங்கிள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி ஒவ்வொரு ஞாயிறும் லூர்துமேரிக்குத்தான் ஆர்டர் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"அடுத்த வாரத்துக்கு மாவு எப்ப அரைக்கட்டும்? நீ பாத்துச் சொல்லு."