கல்கூடைக்குள் ஒரு கை!

செல்ஃபோன் அலறியது.

பல் தேய்த்துக் கொண்டிருந்த அந்தப் பெண் இன்ஜினியர், நுரை வாயோடு ஓடி வந்து எடுத்தாள்.

"மேடம்... சுவர் போயிடுச்சு!"

கான்ட்ராக்டரின் குரல்.

"எந்தச் சுவர்?"

"ஓடைக்கரைச் சுவர் மேடம்! வெள்ளத்துல நடுவுல அப்படியே சாஞ்சிடுச்சு!"

அவள் நுரையைத் துப்பினாள்.

"மேல இருக்கற வீடுங்க...?"

"எல்லாரையும் வெளியேத்தியாச்சு. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. ஆனா..."

"ஆனா என்ன? சொல்லித் தொலைங்க!"

"சாஞ்ச கூடைக்குள்ள... ஒரு கை தெரியுது மேடம்! வெறும் எலும்புக் கை!"

மண் அரிப்பைத் தடுப்பதில் அவள் கில்லாடி. ஓடை எந்த வளைவில் கரையைத் தின்னும், மழை எந்தச் சரிவில் மண்ணை வழித்துக்கொண்டு போகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் தடுப்பணையோ தாங்குசுவரோ, அவளிடம் ஆலோசனை கேட்காமல் எதையும் கட்ட மாட்டார்கள்.

அவள் கொடுத்த ஆலோசனையில் நின்ற சுவர்தான் இப்போது விழுந்து கிடந்தது.

கம்பி வலைக் கூடைகள். உள்ளே கருங்கல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். நடுப்பகுதி மட்டும் ஓடைக்குள் குப்புற விழுந்து, ஒரு கூடை வயிறு கிழிந்து கிடந்தது.

அதற்குள் அந்தக் கை.

இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். போலீஸ்காரர்கள் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

மண்டையோடு... விலா எலும்பு... கால்...

"சார்! கால் எலும்புல கம்பி வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கு!"

அவள் அப்படியே ஈரக் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கம்பியை அவளுக்குத் தெரியும்! பைக் விபத்தில் முறிந்த கால். 'உங்க காலுக்கும் நானே டிசைன் போட்டுக் குடுத்திருப்பேனே' என்று அவள் கிண்டல் செய்த கால்.

"யாரும்மா இது?"

"மண் டாக்டர்."

"டாக்டரா?"

"மண் பரிசோதனை பண்றவர் சார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்களுக்குக் கல்யாணத்துக்கு நாள் கூடக் குறிச்சாச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி, இந்தச் சுவர் கட்டறப்போ, திடீர்னு ஒருநாள்... 'வெளிநாடு போறேன், என்னைத் தேடாதே'ன்னு மெசேஜ் அனுப்பிட்டுக் காணாமப் போயிட்டாரு."

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"படுபாவி, ஏமாத்திட்டான்னு தினம் தினம் திட்டித் தீர்த்தேன் சார். இங்கயே கிடந்திருக்காரு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கான்ட்ராக்டரின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"உன் சுவர். உன் ஆளுங்க. உன் கூடை. பொணம் மட்டும் அடுத்தவனுதா? ஏறுய்யா ஜீப்புல!"

"ஐயோ சார்! எனக்கு ஒண்ணும் தெரியாது!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவர் விழுந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

சுவருக்கு அடியில் வெறும் மணல்!

"அஸ்திவாரம் எங்கய்யா?"

கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார்.

"ஓடைக்கு அடியில ஆள் உயரம் தோண்டணும்னு வரைஞ்சு குடுத்தேனே! வெள்ளம் அடிமண்ணை அரிக்காம இருக்க, முன்னால கல்லு பரப்பணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒண்ணையும் காணோமே?"

"தப்புதான் மேடம்... மணல் மேலயே கூடையை அடுக்கிட்டேன். மண்ணுக்குள்ள இருக்கறதை யாரு பார்க்கப் போறான்னு நினைச்சேன். திருடினேன் மேடம்... ஆனா சத்தியமா கொலை பண்ணல!"

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு!" இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"சார்... ஒரு நிமிஷம்."

அவள் முகம் மாறியிருந்தது.

"இவரு திருடன்தான். ஆனா கொலைகாரன் இல்ல."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"பெட்டிக்கு அடியே இல்லைன்னு தெரிஞ்சவன், அதுல எதையாவது ஒளிச்சு வைப்பானா சார்? இந்தச் சுவர் பெரிய வெள்ளத்துக்குத் தாங்காதுன்னு இவருக்குத் தெரியும். இவர்கிட்ட வேலை செஞ்சவங்களுக்கும் தெரியும். போயும் போயும் இதுக்குள்ளயா பொணத்தை வைப்பாங்க?"

இன்ஸ்பெக்டரின் பிடி தளர்ந்தது.

"அப்படின்னா... வச்சவன்..."

"இந்தச் சுவருக்கு அஸ்திவாரம் இருக்குன்னு மனசார நம்பினவன்."

"அப்படி நம்பினவங்க யார் யாரு?"

"ஒண்ணு நான்."

"இன்னொண்ணு?"

அவள் திரும்பிக் கான்ட்ராக்டரைப் பார்த்தாள்.

"அஸ்திவாரத்தை செக் பண்ண என் தம்பி வந்தானா, இல்லையா?"

"சின்ன சாரா? வரவே இல்லை மேடம். ஃபோன்லயே ஓகே சொல்லிட்டாரு. அப்புறம் மேல் வரிசைக்குக் கல்லு போடறப்போதான் எட்டிப் பார்த்தாரு."



அம்மா அப்பா போன பிறகு அவள் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அவள் படிக்க வைத்த தம்பி. ஆபீஸ் பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே பெயர் போட்டுக்கொண்ட தம்பி!

கிளம்புவதற்கு முன் அவள் ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்.

"மணல் மூட்டை போட்டுத் தண்ணியை எதிர்க்கரைப் பக்கம் திருப்புங்க. நான் சொல்ற வரைக்கும் மேல வீட்டுக்குள்ள யாரும் காலை வைக்கக் கூடாது."

ஆபீஸ்.

வரைபட மேஜை மேல் சாய்ந்துகொண்டு தம்பி காபி குடித்துக் கொண்டிருந்தான். விஷயம் இன்னும் அவன் காதுக்கு வரவில்லை.

"என்னக்கா, புடவையெல்லாம் சேறு?"

"மண் டாக்டரைக் கண்டுபிடிச்சாச்சுடா."

கப் பாதி வழியில் நின்றது.

"அந்த ஓடுகாலியையா? விடுக்கா. உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போனவன். எந்த நாட்டுல இருக்கானாம்?"

"ஓடைக்கரைச் சுவருக்குள்ள இருந்தாரு. சுவர் விழுந்துடுச்சு. செத்து எலும்பாக் கிடக்காரு."

"விழுந்துடுச்சா...? எப்படிக்கா? அந்தச் சுவர் எப்படி விழும்? அது உன் டிசைனாச்சே!"

அவள் அவனையே பார்த்தாள்.

"ஒரு மனுஷன் செத்துட்டான்னு சொல்றேன். அது உனக்கு ஆச்சரியமா இல்ல. சுவர் விழுந்ததுதான் ஆச்சரியமா இருக்கு... இல்லடா?"

கப் கீழே விழுந்து சிதறியது.

"அக்கா..."

"ஏண்டா?"

"தெரியாம நடந்துடுச்சுக்கா! ஓடையில அடுத்த தடுப்பணைக்கு மூணு இடத்துல துளை போட்டு மண்ணு எடுக்கச் சொன்னே. சோம்பேறித்தனத்துல ஒரே இடத்து மண்ணை மூணு பையில போட்டுக் குடுத்துட்டேன். அவன் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டான். லீவு நாள்ல சுவர் சைட்டுக்குக் கூப்பிட்டு, 'அக்காகிட்ட நீயே சொல்லிடு, இல்லைன்னா நான் சொல்லுவேன்'னான்..."

"சொன்னா என்ன? நாலு திட்டு திட்டிட்டு, மறுபடி மண்ணு எடுத்திருப்பேன். அவ்வளவுதானேடா!"

"நீ என்னைக் கேவலமா நினைப்பியேன்னு... பிடிச்சுத் தள்ளிட்டேன். கல்லுல தலை அடிபட்டு... அப்பவே மூச்சு நின்னு போச்சுக்கா. பாதி நிரப்பியிருந்த கூடைக்குள்ள வச்சு, மேல கல்லைப் போட்டு மூடிட்டேன்."

"அந்த மெசேஜ்?"

"அவன் ஃபோன்லேர்ந்து நான்தான் அனுப்பினேன்."

அந்த மெசேஜைப் படித்துவிட்டு இவன் தோளில் சாய்ந்துதான் அவள் அழுதாள். இவன்தான் தலையைக் கோதிவிட்டான்.

"அந்தச் சுவர்தான் கிடைச்சுதா உனக்கு?"

"நீ டிசைன் பண்ணினா நூறு வருஷம் நிக்கும்கா. கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன்!"

"என் சுவரை நம்பினியே... என்னை நம்பலையேடா!"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா... காப்பாத்துக்கா. அந்தக் கான்ட்ராக்டர் எப்படியும் ஃபிராடு. அவன் தலையில கட்டிடலாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போலீஸ் நம்பும்!"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"உள்ள வாங்க சார்."

கதவு திறந்தது. வெளியே நின்று அத்தனையும் கேட்டுக் கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். விலங்கு மாட்டும்போது தம்பி, "அக்கா... அக்கா..." என்றான், சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுகிற அதே குரலில்.

அவள் திரும்பவில்லை.

ஜீப்பில் ஏற்கெனவே கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். தம்பியும் பக்கத்தில் ஏற்றப்பட்டான்.

"அம்மா..." இன்ஸ்பெக்டர் தயங்கினார். "அஸ்திவாரத்துல திருடினதுக்குக் கான்ட்ராக்டரும் உள்ள போவாரு. ரெண்டு பேரையும் ஒரே ஜெயிலுக்குத்தான் அனுப்பப் போறோம். நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவள் கண்ணீரை வழித்து எறிந்தாள்.

"ஒரே ஒரு ஆலோசனை சார். ஜெயில் சுவரை மட்டும் அந்த ஆளைக் கட்ட விட்டுடாதீங்க... அடுத்த மழைக்கே என் தம்பி வெளிய வந்துடுவான்!"